யானைத் தலைக்காரர் – 9: ‘தெகீம்மா, பா...’

காலை ஏழரை மணிக்கே அவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எதிர்ச் சாரியில், இன்னும் திறக்காத ஜெராக்ஸ் கடைப் படியில். தவிட்டு நிறத்தில் கட்டம் போட்ட சட்டை. மடியில் பெரிய சாம்பல் நிற யானைத் தலை. மோகனப்ரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தாள். அவர் எழுந்தார். மடியில் இருந்ததைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது சிமெண்ட் சாக்கு. ஆளும் வேறு ஆள், அடுத்த தெருவில் வீடு கட்டுகிற மேஸ்திரி.

நாலு மாதமாக இதே கூத்துதான். பஸ் ஸ்டாப்பில், கோயில் வாசலில், ஆபீஸ் லிஃப்ட் கதவு மூடுகிற கடைசி நொடியில் எங்காவது ஒரு கட்டம் போட்ட சட்டை அவளுக்காகக் காத்திருக்கும். கிட்டே போனால் வேறு யாராவதாக மாறிவிடும். பேய் என்றால் வேப்பிலை அடிக்கலாம். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவருக்கு என்ன அடிப்பது?

வழியில் ஏறிக்கொண்டவர்களுக்காக, வந்த தூரத்தை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். போன தசராவில், மைசூரே தெருவில் நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம், துணிக்கடை வாசலில் யானை வேஷம் போட்டு ஆடிக்கொண்டிருந்த, கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், வேஷத்தின் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தார். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் தட்டிவிட்டு லீவு நாளில் கேமராவோடு சுற்றுகிற நம் ப்ரியா அதைப் படம் எடுத்தாள். ‘இளைப்பாறும் யானை’ என்று பெயர் வைத்து இணையத்தில் போட்டாள். ஊரே பார்த்தது. போட்டியில் முதல் பரிசு. “அந்தக் கண்களில் எத்தனை களைப்பு!” என்று நடுவர்கள் உருகினார்கள். படம் ஊர்சுற்ற ஆரம்பித்த நாலாம் நாளிலிருந்து அந்த மனிதரைக் காணோம். துணிக்கடையில் போய்க் கேட்டதற்கு, “போட்டோ வந்துச்சு, ஆள் போயிட்டாரு” என்று சிரித்தார்கள். போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். “என் வீட்டுக்காரர் உங்க போட்டோவுல இருக்கறாருங்க. வெள்ளிக்கிழமை நேர்ல வாரேன்” என்றாள். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

“லீவு சொல்லிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான் சிவகுமார். ப்ரியாவின் அண்ணன். கோர்ட்டில் சீனியர் ஒருவரிடம் ஜூனியர். கறுப்புக் கோட்டை இன்னும் முழுதாக நம்பாத வயது. கையில் ஒரு நீல ஃபைல், அதற்குள் ஏழு பக்கம். தங்கைக்காக ராத்திரியெல்லாம் உட்கார்ந்து டைப் அடித்திருந்தான்.

“சொல்லிட்டேன்.”

“பேஜார் பண்ணிக்காத. நான் பேசறேன், நீ தலையை மட்டும் ஆட்டு. பொது ரோட்ல நின்னுக்கிட்டு, கண்ணுக்குத் தெரியறதைப் படம் எடுக்க யார் பர்மிஷனும் தேவையில்லை. தடை போர்டு வெச்ச இடம்னா அது வேற. அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்து எடுத்தா அது வேற. அவர் மூஞ்சியைப் போட்டு சோப்பு வித்தா அதுவும் வேற. நீ இதுல எதையும் பண்ணலை.”

“பண்ணலை.”

“அதுக்கு மேல அவரே சம்மதிச்சிருக்காரு. போட்டி ஃபார்ம்லயும் ‘அனுமதி பெறப்பட்டது – ஆம்’னு டிக் போட்டிருக்க. அப்புறம் என்ன?”

அந்த ‘ஆம்’தான் ப்ரியாவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

முன்னறையில் தையல் மிஷின் சத்தம் நின்றது. அம்மா கௌரம்மா கழுத்தில் அளவு டேப்போடு எட்டிப் பார்த்தாள். அக்ரஹாரத்தில் பாதி வீட்டு பிளவுஸ் அவள் கையால் தைத்ததுதான். கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது அந்த மிஷின். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் இன்னும் அவள் நாக்கில்தான் குடியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கன்னடம்தான் முதலில் வாயில் வரும்.

“அந்தாளு என்ன சொன்னாருன்னு அப்புடியே ஒருக்கா சொல்லு கண்ணு.”

“‘போட்டோ தெகீம்மா, பா’ன்னாரும்மா.”

“அஷ்டே, அவ்வளவுதான்!” என்றான் சிவகுமார். “‘போட்டோ எடும்மா, வா.’ கிட்ட வந்து எடுன்னு கூப்பிட்டிருக்காரு. இதைவிட என்ன சம்மதம் வேணும்?”

கௌரம்மா ஊசியில் நூலைக் கோர்த்தபடி சொன்னாள். “பிளவுஸ் போட்டுப் பாத்துட்டு, ‘ஆன்ட்டி, பஃப் தெகீரி’ங்கறாங்க. நான் பஃப்பைப் பிரிச்சுத்தான் போடறேன். போட்டோ புடிச்சா குடுக்கறேன்?”

கன்னடத்தில் அந்தச் சொல் அப்படித்தான். போட்டோ ‘தெகி’ என்றால் எடு. சுவரில் மாட்டியதை ‘தெகி’ என்றால் கழற்று. வேண்டாததை ‘தெகி’ என்றால் அகற்று. பத்து வருஷம் கன்னட மீடியத்தில் படித்த ப்ரியாவுக்கு இது தெரியாமல் இல்லை. ராத்திரி ராத்திரியாக இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

“யானைக்கும் அடி சறுக்கும், வக்கீலுக்கு மட்டும் சறுக்காதாக்கும்” என்றாள் கௌரம்மா.

“இரும்மா. ‘பா’ன்னு கூப்பிட்டாரில்ல? படத்தை எடுத்துடுன்னு சொல்றவன் எதுக்கு ‘வா’ன்னு கூப்பிடுவான்? போ–ன்னுல்ல சொல்லுவான்!”

இதுதான் ப்ரியா நாலு மாதமாகத் தொற்றிக்கொண்டிருக்கும் கிளையும். அந்த ஒரு ‘பா’. அதை நம்பித்தான் அவள் கிட்டே போய் இன்னும் இரண்டு படம் எடுத்தாள். பரிசு வாங்கியது அந்த இரண்டில் ஒன்று. அந்த ‘பா’ இருக்கிறவரை அவள் தப்பு செய்யாதவள்.

பத்தே கால் மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் துணிப்பை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை. விடியற்காலைப் பஸ்ஸில் கொள்ளேகால் வழியாக வந்த புழுதி முகத்தில் இருந்தது. சண்டைக்கு வந்தவள் மாதிரித் தெரியவில்லை. உள்ளே வரலாமா கூடாதா என்று நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங், போட்டோக்காரப் புள்ளை ஊடு இதுதானுங்களா?”

கௌரம்மாவின் கை மிஷின் சக்கரத்தில் அப்படியே நின்றது. “வாங்க, உள்ளார வாங்க. எந்த ஊருங்க நீங்க?”

“ஹனூருக்கு அக்கட்டாலங்க. பேரு மாதேவி.”

“நாங்களும் அந்தப் பக்கந்தான். உக்காருங்க, தண்ணி குடிங்க முதல்ல.”

சிவகுமாருக்கு இது பிடிக்கவில்லை. எதிர்க்கட்சிக்கு அம்மா தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் கேஸ் எப்படி நிற்கும்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஃபைலைத் திறந்தான்.

“பாருங்கம்மா. உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. ஆனா பொது இடத்துல படம் எடுக்கறது சட்டப்படி...”

“சட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சாமி” என்றாள் மாதேவி. “எனக்கு ஒரு போட்டோ வேணுமுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

“போட்டோவா?”

“டேசன்ல கேக்கறாங்க. ஆளைக் காணோம்னு எழுதிக் குடுக்கப் போனா, புதுசா எடுத்த போட்டோ குடு, அப்பத்தான் நோட்டீசு அடிக்க முடியுங்கறாங்க. எங்கிட்ட கண்ணாலத்துல எடுத்தது ஒண்ணு இருக்குதுங்க. அதுல அவருக்கு மீசை கூட இல்லை. ரேசன் கார்டுல இருக்கறது மூஞ்சியா முழங்காலான்னே தெரியல. அவரு போட்டோவுக்கே நிக்க மாட்டாருங்க. இருவது வருசத்துல அவரு மூஞ்சி தெளிவா உளுந்தது இந்தப் புள்ளை எடுத்ததுல மட்டுந்தான்.”

ஏழு பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. சிவகுமார் ஃபைலை மூடினான்.

மாதேவி தண்ணீரைக் குடித்துவிட்டு, தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். புருஷன் பேர் தொட்டையன். மைசூரில் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார். சனிக்கிழமை வருவார், திங்கள் விடியக் கிளம்புவார். கம்பெனியில் ஆள் குறைத்து ஒன்றரை வருஷம் ஆனது யாருக்கும் தெரியாது. மகள் சௌம்யா சாமராஜநகரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். வகுப்புக் குழுவில் யாரோ அந்தப் படத்தைப் போட்டு, சிரிப்புப் படங்களாக அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். இவள் அப்பா என்று தெரியாமலே.

“பாப்பா உடனே அவருக்குப் போன் போட்டு, ‘யானை வேசங் கட்டித்தான் என்னைப் படிக்க வெச்சியாப்பா?’ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுருச்சுங்க. அழுகையில கேட்டுச்சோ கோவத்துல கேட்டுச்சோ. அவரு பதிலே சொல்லல. போனை வெச்சவரு வெச்சவருதான். கோவத்துல மலைக்குப் போயிருப்பாரு, மாதேஸ்வரன் பாத்துக்குவாருன்னு நானும் ஒரு மாசம் மாதேஸ்வரன் மலையில சத்தரஞ் சத்தரமா ஏறி எறங்கினேன். இல்லைங்க. பாப்பா இப்ப யாருகிட்டயும் பேசறதே இல்லை.”

ப்ரியா கேட்டது அந்தக் கதை முழுவதையும் அல்ல. மகள் அப்பாவிடம் தமிழில் பேசியிருக்கிறாள் என்ற ஒரே ஒரு விஷயத்தை.

“அவரு... அவரு தமிழா?”

“பின்னே?” மாதேவி விழித்தாள்.

“எங்கிட்ட கன்னடத்துல பேசினாரு.”

“கேமராவும் கையுமா ஒரு மைசூருப் புள்ளை நின்னா, தமிழ்லயா பேசுவாரு? வேலைக்கு வந்த எடத்துல எல்லாருகிட்டயும் கன்னடந்தானுங்க. ஊட்டுக்குள்ள வந்தாத்தான் நம்ம பேச்சு.”

ஒரே தாலுகாவின் மண். ஒரே பாஷை. நடைபாதையில் இரண்டு கஜ தூரத்தில் இருந்துகொண்டு, அவர் இவளைக் கன்னடத்துப் பெண் என்று நினைத்தார், இவள் அவரைக் கன்னடத்துக்காரர் என்று நினைத்தாள். இரண்டு பேரும் அடுத்தவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, சொந்த பாஷையை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

“படத்தை இப்பவே பிரிண்ட் போட்டுத் தர்றோம்மா, எத்தனை வேணும்னாலும்” என்று சிவகுமார் எழுந்தான். அவன் கண் தங்கையைப் பார்த்தது. முடிந்தது, வாயைத் திறக்காதே என்றது அந்தக் கண்.

அவன் சொன்னதும் சரிதான். போட்டோவைக் கொடுத்து, சோறு போட்டு, பஸ் ஏற்றி விட்டிருந்தால் அந்தச் சாயங்காலமே எல்லோரும் நல்லவர்கள். சட்டமும் ப்ரியாவின் பக்கம், புண்ணியமும் அவள் பக்கம்.

“ஒரு குரல் இருக்கு” என்றாள் ப்ரியா.

“ப்ரியா.”

“இருண்ணா.” அவள் போனை எடுத்தாள். “முதல் படம் போன்லதான் எடுத்தேன். இந்தப் போன்ல, படத்து மேல விரலை அழுத்தினா மூணு நொடி சத்தமும் வரும். அவர் எங்கிட்ட பேசினது அதுல இருக்கு. நான் நூறு தடவை கேட்டுட்டேன். பாதி தடவை எடுன்னு கேக்குது. பாதி தடவை...” நிறுத்தினாள். “நீங்க கேளுங்க. உங்களுக்குத் தெரியும்.”

மாதேவி போனை வாங்கவில்லை. குனிந்து காதை மட்டும் கொடுத்தாள். ப்ரியா அழுத்தினாள்.

முதலில் கூட்டத்து இரைச்சல். எங்கோ ஒரு நாதஸ்வரம். பிறகு, களைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, “போட்டோ தெகீம்மா, பா...” அதற்குமேல் ஒரு பஸ் ஹாரன், எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போயிற்று.

தம்ளர் மாதேவியின் மடியிலிருந்து உருண்டது. நாலு மாதம் கழித்துப் புருஷன் குரல்.

“இன்னொருக்கா.”

இன்னொரு தடவை. பிறகு மூன்றாவது தடவை. கௌரம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“‘வா’ன்னு கூப்பிடறாரா?” என்று ப்ரியா கேட்டாள்.

“வாவா?” மாதேவி நிமிர்ந்தாள். “வாவுமில்ல, போவுமில்ல. ‘பாப்பா’ங்கறாரு. ‘பாப்பா பாத்துரும்’னு சொல்ல வந்திருக்கறாரு. எதுக்கெடுத்தாலும் அவருக்கு அந்தப் பேச்சுத்தானுங்க. பீடி குடிக்கறப்ப ஆராச்சும் பாத்தா, ‘பாப்பாகிட்ட சொல்லிராதே.’ கால்ல அடிபட்டா, ‘பாப்பா பாத்துரும், துணி கட்டு.’ பதட்டத்துல கன்னடம் போயி நம்ம பேச்சு வந்துருச்சு அவருக்கு.”

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. கன்னடத்து ‘வா’வும், ஒரு தகப்பன் பாதியில் விட்ட ‘பாப்பா’வும்.

“அப்போ...”

“எடுக்கச் சொல்லல தாயி. எடுத்துடச் சொல்லியிருக்கறாரு.”

ப்ரியா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். நூறு தடவையில் பாதி என்று சொன்னாளே, அது பொய். முதல் நாள் ராத்திரி, படத்தை இணையத்தில் போடுவதற்கு முன்பே, அந்தக் குரலில் இருந்தது கெஞ்சல் என்று அவள் மனசு சொல்லியிருந்தது. ‘பா’ என்ற ஒற்றை எழுத்தைத் தூக்கி அதன் வாயில் அடைத்தாள். நடுவர்கள் உருகிய அந்தக் கண்களில் இருந்தது களைப்பு இல்லை. ஒரு மனிதர் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார், அவள் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றாள். “எனக்கு அன்னிக்கே தெரியும்ங்க. தெரியாத மாதிரி இருந்துட்டேன்.” பிறகு அழுகை வந்துவிட்டது.

“சட்டப்படி அப்பவும் நீ...” என்று ஆரம்பித்தான் சிவகுமார்.

“நீ சும்மா இரு சாமி” என்றாள் கௌரம்மா. பாவம், அவனும்தான் என்ன செய்வான்? அவன் ஏழு பக்கத்தில் ஒரு வரியும் தப்பில்லை. அதுதான் அவனுக்கு வருத்தமாக இருந்தது.

மாதேவி ப்ரியாவைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிட நாலு வார்த்தை வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

“இன்னிக்கே எல்லா இடத்துலயும் எடுத்துடறேன்” என்றாள் ப்ரியா. “இணையத்துல இருக்கறது, கண்காட்சி ஹால்ல பெருசா மாட்டினது எல்லாம். பரிசையும் திருப்பிக் குடுத்துடறேன்.”

“எடுத்துட்டா?” மாதேவியின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “எடுத்துட்டா அவரை நான் எதை வெச்சுத் தேடறது? போன அசிங்கம் போயிருச்சு. ஊருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிஞ்சிருச்சு. மிச்சமிருக்கறது இந்த மூஞ்சி ஒண்ணுதான். அவரு எடுத்துடச் சொன்னாரு, சரி. நான் ஒட்டச் சொல்றேன். பஸ் ஸ்டாண்டுல ஒட்டு, ரயிலடியில ஒட்டு. அந்த யானைத் தலையோடயே ஒட்டு. கோவமிருந்தா வந்து கேக்கட்டும்!”

சொல்லி முடித்ததும்தான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பெரிய போட்டோ எங்கீங்க இருக்குது? நான் பாக்கோணும்” என்றாள்.

பரிசுப் படங்களின் கண்காட்சி நடக்கிற ஹால் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். சிவகுமார் மூன்று பெண்களையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். மத்தியான வெயில். ஹாலில் ஈ ஆடவில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி கிருஷ்ணராஜ், ப்ரியாவைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் வைத்தார். முதல் பரிசுக்காரி அல்லவா?

படம் எதிர்ச் சுவரில், நடு இடத்தில், ஆள் உயரத்துக்கு இருந்தது. மேலே ஒரு விளக்கு. தொட்டையன் நடைபாதையில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்தார். மடியில் யானைத் தலை சிரித்துக்கொண்டிருந்தது. வலது கை பாதி தூக்கியபடி நின்றது. இத்தனை நாள் அந்தக் கையை ஆசீர்வாதம் போல என்று எழுதியவர்கள் உண்டு. இப்போது ப்ரியாவுக்கு அது வேறெதுவாகவும் தெரியவில்லை. நிறுத்து என்றது அந்தக் கை.

மாதேவி மெதுவாகக் கிட்டே போனாள். கண்ணாடிமேல் விரலை வைத்து, அவர் நெற்றி வேர்வையைத் துடைப்பது போலத் துடைத்தாள்.

“இளைச்சுட்டாரு” என்றாள்.

“மேடம், தொட வேண்டாம்னு சொல்லுங்க” என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தார் கிருஷ்ணராஜ். பிறகு அழுகிற பெண்ணைப் பார்த்துத் தயங்கி, சமாதானமாக ஏதாவது பேசவேண்டுமே என்று பேசினார். “இந்தப் படத்துக்குத்தான் மேடம் கூட்டம். எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. நேத்து மத்தியானம்கூட ஒரு ஆளு. தாடிக்காரர். அரை மணி நேரம் நின்னாரு இது முன்னால. அப்புறம் என்கிட்ட வந்து, ‘சுவாமி, ஃபோட்டோ தெகீரி’ன்னாரு.”

ப்ரியா திரும்பினாள். “என்ன சொன்னாரு?”

“ஃபோட்டோ தெகீரின்னாரு மேடம். பாவம், கையில போன் இல்லை போலிருக்குன்னு, ‘பன்னி, வாங்க, இங்க நில்லுங்க’ன்னு நிக்க வெச்சு என் போன்லயே எடுத்தேன். ஸ்மைல் பண்ணுங்கன்னா பண்ணலை. மறுபடியும் ‘தெகீரி, தெகீரி’ங்கறாரு. இன்னொண்ணும் எடுத்தேன். அனுப்பறேன், நம்பர் குடுங்கன்னா, தலையில அடிச்சுக்கிட்டு, இது எத்தனை நாளைக்கு இங்கே இருக்கும்னு கேட்டாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும்னேன். போயிட்டாரு.”

“அந்தப் போட்டோ இருக்கா?” என்று சிவகுமார் கேட்டான். அவன் குரல் வக்கீல் குரலாக இல்லை.

“இருக்கே. நோடி, பாருங்க.”

கிருஷ்ணராஜ் போனை நீட்டினார். நாலு தலைகள் அதன்மேல் குனிந்தன.

சுவரில் யானைத் தலையோடு ஒரு தொட்டையன். பக்கத்தில், நரைத்த தாடியும், யாருடையதோ ஒரு நீலச் சீருடைச் சட்டையுமாக இன்னொரு தொட்டையன். சட்டைப் பையின் மேல் ஏதோ எழுத்து தைத்திருந்தது, ப்ரியா விரலால் பெரிதாக்கப் பெரிதாக்க அது கலைந்து போயிற்று. இரண்டு பேருக்கும் வலது கை ஒரே மாதிரி பாதி தூக்கி நின்றது. இரண்டு வாயும் ஒரே சொல்லில் திறந்திருந்தன. படத்தின் அடியில் நேற்றைய தேதி, மத்தியானம் இரண்டு நாற்பது.

நாலு மாதமாக வந்து வந்து மறைந்தவர் முதல் தடவையாக வேறு யாராகவும் மாறாமல் நின்றார்.

மாதேவி போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

“கோவமிருந்தா வந்து கேக்கட்டும்னேனே” என்றாள். “நேத்தே வந்து கேட்டிருக்கறாரு தாயி. ரெண்டாந்தடவையும் அவரு சொன்னது ஆரு காதுலயும் உளுகல.”